கைதானவரை எங்கே தேடுவது? சென்னையில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

2023-ல் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணி இருக்கும். என் சித்தப்பா மகனை ஒரு டீக்கடை வாசலிலிருந்து போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். தம்பி விட்டுச் சென்ற செருப்பை அவர் எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பதினெட்டு மணி நேரம் நான் அலைந்தேன்.

அருகிலிருந்த காவல் நிலையத்தில் ரைட்டர் பதிவேட்டைப் பார்க்காமலேயே, “இங்கே அப்படி யாரையும் கொண்டுவரவில்லை அம்மா” என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தம்பியைக் கொண்டு போனது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு நிலையம். அன்றிரவு வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இணையத்தில் பார் என்றார் ஒருவர், கன்ட்ரோல் ரூமுக்குப் பேசு என்றார் இன்னொருவர், காலையில் கோர்ட்டுக்குப் போ என்றார் மூன்றாமவர். எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நள்ளிரவு வரை வீணாகப் போயிற்று. பிறகு இந்த வழிகளை ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதே நிலையில் நிற்கும் இன்னொரு குடும்பத்துக்கு அந்த நள்ளிரவு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அமெரிக்க நகரங்களில் ஒருவர் கைதாகிச் சிறைக்குள் போனால், பெரும்பாலான இடங்களில் அந்த மாவட்ட ஷெரிப் அலுவலகத்தின் இணையதளத்தில் அவர் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் வந்துவிடும். பல இடங்களில் புகைப்படமும் சேர்ந்தே வரும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் “ஆன்லைனில் பார்க்கக்கூடாதா?” என்று கேட்பது அந்தப் பழக்கத்தில்தான். சென்னையில் பெயரைத் தட்டினால் கைது விவரம் வந்து விழும் ஒரே இடம் என்று ஒன்று கிடையாது. தகவல் நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. கைதாகி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

முதல் சில மணி நேரத்துக்குக் காவல் நிலையமும் கட்டுப்பாட்டு அறையும்தான் வழி. சட்டம் இந்த இரண்டு இடங்களிலும் நம் பக்கம் நிற்கிறது, ஆனால் அது பலருக்குத் தெரிவதில்லை. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு 1986-ல் காவல் மரணங்களைப் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பரில் பதினொரு கட்டளைகளோடு தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போதே கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அந்த வட்டாரத்தின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதான 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், அங்கே அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும். இவையெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருப்பவை. பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இவற்றைச் சேர்த்தார்கள்.

2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதை இன்னும் கீழே, காவல் நிலையம் வரை கொண்டுவந்திருக்கிறது. அதன் 37-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவர் இதற்கென்றே நியமிக்கப்பட வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை வைத்திருப்பதும் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டுவதும் அவர் பொறுப்பு. 48-ஆம் பிரிவு, கைது விவரத்தையும் ஆள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் உடனே உறவினருக்கும் அந்த அதிகாரிக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. சொன்னதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். ஆகவே நிலையத்தில் போய் நிற்கும்போது “என் பையன் இங்கே இருக்கிறானா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “கைது விவரத்துக்குப் பொறுப்பான அதிகாரி யார்? அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும்” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு யாராவது ஒருவர் எழுந்து வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வழியின் குறை எல்லைப் பிரச்சினை. 2022 ஜனவரி முதல் சென்னையும் சுற்றுப்புறமும் சென்னை, ஆவடி, தாம்பரம் என மூன்று கமிஷனரேட்டுகளாக இருக்கின்றன. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும் இடங்கள் உண்டு. ஆளை எடுத்த நிலையம் வீட்டுக்குப் பக்கத்து நிலையமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கு எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த நிலையத்தார் வந்து அழைத்துப் போவார்கள். பண மோசடி போன்ற வழக்காக இருந்தால் வேப்பேரியில் கமிஷனர் அலுவலகத்தில் இருக்கும் மத்தியக் குற்றப் பிரிவாக இருக்கலாம். ரயில் நிலையத்தில் நடந்ததென்றால் அது ரயில்வே போலீசார் கையில். அதனால் ஒரே நிலையத்தில் நின்று வாதாடுவதைவிட, மூன்று கட்டுப்பாட்டு அறைகளுக்கும் பேசுவது மேல். பேசிய நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்து வையுங்கள். அந்தச் சீட்டு பிறகு உயர் நீதிமன்றம் வரை பயன்படலாம்.

அடுத்து, எல்லோரும் முதலில் ஓடும் இடமான இணையம். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. இணைய வசதிக் குறைவான இடங்களில் 72 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். பாலியல் குற்றம், பயங்கரவாதம், போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றம்) போன்ற வழக்குகளுக்கு இது பொருந்தாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் இரவில் இது எனக்குப் பயன்படவில்லை. எந்த மாவட்டம், எந்த நிலையம் என்பதை அந்தத் தளத்துக்கு நாம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாமலிருந்ததே அதுதான். மேலும் முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவு, கைதின் பதிவாகாது. அதில் பெயர் இருப்பவர் கைதாகாமல் இருக்கலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் பெரும்பாலும் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதே முறை. அதே போல, கைதானவரின் பெயர் அதில் இல்லாமலும் இருக்கலாம், ‘அடையாளம் தெரியாத நபர்’ என்றே வழக்கு தொடங்கியிருக்கலாம். நிலையம் எது என்று தெரிந்த பிறகு, என்ன பிரிவுகள் போட்டிருக்கிறார்கள், ஜாமீனில் விடக்கூடியதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வக்கீலிடம் போகும்போது அந்த இரண்டு பக்கத் தாள் கையில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

எனக்கு விடை கொடுத்தது நீதிமன்றம். எந்த வழி மேல் என்று கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன். அரசியல் சட்டத்தின் 22-ஆவது கூறு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. பயண நேரம் மட்டும்தான் கழிவு. நிலையத்தில் இல்லை என்று சொல்லலாம், பலகையில் எழுதாமல் விடலாம், தளத்தில் ஏற்றத் தாமதிக்கலாம். ஆனால் கைது செய்தோம் என்று கணக்குக் காட்டும் எவரும் அந்த ஆளை அடுத்த நாளுக்குள் நேரில் அங்கே கொண்டுவந்தே தீர வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையமும் ஒரு குறிப்பிட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன், புறநகரில் அம்பத்தூர், பூந்தமல்லி, தாம்பரம், ஆலந்தூர், திருவொற்றியூர் என்று நீதிமன்றங்கள் பரவியிருக்கின்றன. சந்தேகப்படும் இரண்டு மூன்று நிலையங்களுக்கு எது நீதிமன்றம் என்று எந்த வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாலும் உடனே சொல்வார்.

மறுநாள் காலை இரண்டு நீதிமன்றங்களுக்கு ஆளைப் பிரித்து அனுப்பினோம். நான் போன இடத்தில், வராந்தாவின் கோடியில் வெள்ளை நூல் கட்டிய கட்டோடு ஒரு காவலர் நின்றிருந்தார். அவர் கையில் இருந்த தாளின் மேல்வரியில் தம்பியின் பெயரைத் தலைகீழாகப் படித்தேன். தம்பி சுவரோரம் வெறுங்காலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மதிய வெயிலில் சிமெண்ட் தரை கொதித்தது. காவலரிடம் கேட்டுவிட்டுச் செருப்பை அவன் முன்னால் வைத்தேன். அதை மாட்டிக்கொள்ளாமல், “அண்ணனுக்குச் சொல்லிவிட்டீர்களா அக்கா?” என்றுதான் முதலில் கேட்டான்.

அந்தச் சில நிமிடங்களுக்காகவே நீதிமன்றத்தை முதலில் வைக்கிறேன். அங்கே வக்கீல் ஒருவர் நம்மோடு இருந்தால் ரிமாண்டை, அதாவது காவலில் வைக்கும் உத்தரவை, எதிர்க்கலாம், அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம், குடும்பத்துக்குத் தகவல் சொல்லவில்லை என்பதையும் சொல்லலாம். தகவல் சொல்லப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று அதே 48-ஆம் பிரிவு சொல்கிறது. கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடமும் உறவினரிடமும் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகான் குமார் வழக்கில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. வேறு எந்த வழியும் தேடலை முடித்துவைக்கும் அதே நிமிடத்தில் எதையாவது செய்யவும் இடம் தருவதில்லை. ஒரு சங்கடம் உண்டு. விடுமுறை நாளிலோ இரவிலோ மாஜிஸ்திரேட்டின் வீட்டில் வைத்தே நிறுத்துவார்கள். அப்போது எந்த மாஜிஸ்திரேட் பொறுப்பில் இருக்கிறார் என்பதை வக்கீல் மூலமாகத்தான் விசாரிக்க முடியும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்பவர்கள் 15100 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினருக்கும் அப்படியே. இதைத் தருமம் என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட ஒன்றுமில்லை, கேட்டுப் பெற வேண்டியது.

நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர், வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், வக்கீல் பெயர் என்று பல வகையில் அதில் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட ஒரு தனி எண் இருக்கும். அது கிடைத்துவிட்டால் அடுத்த வாய்தா எப்போது என்பது வரை செல்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கைதான வாரத்தில் அதில் பெரும்பாலும் ஒன்றும் வராது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு எண் விழுந்த பிறகுதான் வழக்கு அதில் ஏறும். இடையில் ஜாமீன் மனுவுக்கு எண் கொடுத்திருந்தால் அது தென்படலாம். ஆகவே இது முதல் நாளுக்கானது இல்லை, அடுத்து வரும் மாதங்களுக்கானது.

ரிமாண்ட் ஆனபின் ஆள் சிறையில் இருப்பார். சென்னையில் பலருக்கு இன்றும் மனதில் இருப்பது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பழைய மத்திய சிறைதான். அது மூடப்பட்டு 2006-லேயே எல்லோரும் புழலுக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்குத் தனிச் சிறை என்று பிரிந்திருக்கிறது. புதிதாக ரிமாண்ட் ஆனவர் விசாரணைக் கைதிகள் பக்கம்தான் இருப்பார். எந்தச் சிறை என்பது ரிமாண்ட் உத்தரவிலேயே இருக்கும். அதை நீதிமன்றத்திலேயே கேட்டுக்கொண்டு போனால், வாசலில் வரிசையில் நின்று, மற்றொரு வாசலுக்குப் போகச் சொல்லும் அலைச்சல் மிச்சமாகும். அடையாள அட்டை, உறவு முறை, கைதியின் தந்தை பெயர் ஆகியவற்றைக் கொடுத்து மனுப் போட்டுப் பார்க்க வேண்டும். தேசிய சிறைத் தகவல் தளத்தில் ‘இ-முலாகாத்’ என்ற சேவையில் முன்பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

சிறைப் பதிவைத் தேடல் கருவியாகப் பார்த்தால் அது தாமதமாகத்தான் கிடைக்கும். ஆனால் நம்பகத்தில் அதற்கு நிகர் இல்லை. உள்ளே சேர்க்கும்போது உடலில் காயம் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அந்தக் கிளைச் சிறையின் சேர்க்கைப் பதிவேட்டில் அவர்கள் உடலிலிருந்த காயங்கள் எழுதப்பட்டிருந்தன. அதை நினைக்கும்போதெல்லாம், யாரோ ஒருவர் ஒரு வரி எழுதியதன் கனம் எனக்கு உறைக்கும்.

ஆள் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் மேலே சொன்ன தேடும் வழிகள் பெரும்பாலும் பொருந்தாது. சிறுவரைக் காவல் நிலைய லாக்-அப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். சென்னையில் கெல்லீஸில் உள்ள அரசு கூர்நோக்கு இல்லத்தில் விசாரியுங்கள். அவர்கள் பெயரை வெளியிடுவதே சட்டப்படி குற்றம் என்பதால் எந்தப் பலகையிலும் தளத்திலும் அது இருக்காது, இருக்கவும் கூடாது. பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ கையோடு கொண்டு போங்கள். வயதைத் தவறாக எழுதிவிட்டால் பிள்ளை பெரியவர்களோடு போய்ச் சேர்ந்துவிடுவான்.

குண்டர் சட்டத்தில் பிடித்திருந்தால் அது வேறு கணக்கு. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடுப்புக் காவல் உத்தரவை நகரத்தில் போலீஸ் கமிஷனரே பிறப்பிக்கிறார். அங்கே ஜாமீன் மனு உதவாது, பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். சாதாரண மனுவுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 7-ஆம் பிரிவில் இருக்கிறது. இருந்தாலும் 24 மணி நேரத்தில் நீதிமன்றத்துக்கு வர வேண்டிய ஆளைத் தேட 48 மணி நேரத்து மனுவை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. இதன் இடம் பின்னால்தான். எத்தனை மணிக்கு நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள், கைதுக் குறிப்பில் என்ன நேரம் எழுதினார்கள் என்று பிறகு கேட்பதற்கு இது உதவும். காவல் நிலையங்களின் கண்காணிப்பு கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

24 மணி நேரம் கடந்தும் எந்த நீதிமன்றத்திலும் ஆள் வரவில்லை, எந்த நிலையமும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், இனி நீங்களாகத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஆட்கொணர்வு மனு போடுங்கள். உயர் நீதிமன்றம் காவல்துறையைப் பார்த்து, ஆளைக் கொண்டுவா என்று சொல்லும் வழி இது. நெருக்கடி நிலையின்போது 1976 மார்ச்சில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் கொண்டுபோனார்கள். தந்தை ஈச்சர வாரியர் கதவு கதவாகத் தட்டியும் பதில் கிடைக்கவில்லை. நெருக்கடி நிலை முடிந்து 1977-ல் அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுதான், மகன் காவலில் இருந்தான் என்ற உண்மையை வெளியே கொண்டுவந்தது. அதற்குள் மகன் உயிரோடு இல்லை. இந்த மனுவைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் ‘கடைசி’ என்பதை வெகுநாள் காத்திருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் இரவே கமிஷனருக்கு ஒரு புகாரை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவைத்தால், கட்டுப்பாட்டு அறைக்குப் பேசிய குறிப்போடு சேர்த்து, இரண்டாம் நாளே மனுவுக்கு அது ஆதாரமாகிவிடும்.

இன்னொரு வகைத் தேடலும் உண்டு. வீட்டுக்கு வாடகைக்கு வருபவர், வேலைக்குச் சேர்ப்பவர், பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை மீது வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பவர்கள். இவர்கள் இ-கோர்ட்ஸில் பெயரைத் தட்டி வந்ததை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நம் பெயர்களுக்கு இது ஆபத்து. முன்னெழுத்து முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் இருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். தந்தை பெயரும் முகவரியும் ஒத்துப் பார்க்காமல் ஒருவரை வேண்டாமென்று தள்ளுவது அநியாயம். வாடகை, வேலை போன்றவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் தளத்திலேயே சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. கட்டணம் கட்டி முறையாகக் கேட்பதே அந்த மனிதருக்கும் நமக்கும் நல்லது. வழக்கு இருந்தது என்பதோடு நின்றுவிடாமல் அது எப்படி முடிந்தது என்றும் பாருங்கள். என் தம்பியின் வழக்கும் அந்தத் தளத்தில் இருக்கிறது. விடுதலை என்று எழுதியிருப்பது அடுத்த பக்கத்தைத் திறந்தால்தான் தெரியும்.

எங்கள் வீட்டு பீரோ கதவின் உட்புறம் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துக் கூட்டலில், தந்தை பெயர், பிறந்த தேதி, மூன்று கட்டுப்பாட்டு அறைகளின் எண், 15100, எங்கள் வக்கீலின் எண், பக்கத்து நிலையங்களுக்கு எந்த நீதிமன்றம் என்ற விவரம். எழுதி ஒட்ட அரை மணி நேரம் ஆனது. தம்பிதான் உட்கார்ந்து எழுதினான்.